கடுதாசி வந்த நாள்

இந்த நாட்டில் பொழுது நம் ஊருக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே விடிந்துவிடுகிறது. பூகோளப் பாடத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கிய சங்கதிதான். ஆனாலும் மலாயாவுக்கு வந்து இறங்கிய மூன்றாம் நாள் அதை உடம்பால் உணர்ந்தபோது எனக்கு விசித்திரமாக இருந்தது. ரப்பர்த் தோட்டத்து ஆட்களெல்லாம் இருட்டோடு எழுந்து வந்து ஒரு திடலில் வரிசையாக நிற்பார்கள். அரிக்கன் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, செக்ரோல் என்கிற ஆஜர்ப் புத்தகத்தைப் பிரித்து, நான் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவேன். "இருக்கேன்", "இருக்கேன்" என்று இருட்டுக்குள்ளிருந்து குரல் வரும். வந்தவருக்கு ஒரு கோடு. வராதவருக்கு ஒரு பூச்சியம். இதற்குப் பெரட்டு என்று பேர். சின்னக் கிராணி, அதாவது தோட்டத்துக் குமாஸ்தாவாகிய என் உத்தியோகம் தினமும் இதில்தான் தொடங்குகிறது. கூப்பிட்டுக்கொண்டே மனத்துக்குள் ஒரு கணக்குப் போடுவேன். எங்கள் வல்லத்திராக்கோட்டையில் இப்போது கோழிகூடக் கூவியிராது. ஆத்தா இன்னும் எழுந்திருக்க மாட்டாள். அவள் பார்க்கப்போகிற நாளை அவளுக்கு முன்னால் நான் பார்த்துவிட்டேன் என்று ஒரு பெருமை. அந்தப் பெருமை எவ்வளவு அசட்டுத்தனமானது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

புதுக்கோட்டையில் இண்டர்மீடியட் வரைக்கும் படித்தவன் நான். ஓர் இடத்தில் உட்கார மாட்டேன். ஆகாய விமானம், கம்பியில்லாத் தந்தி, ரேடியோ என்று பத்திரிகையில் எது வந்தாலும் கத்தரித்து நோட்டில் ஒட்டிவைப்பேன். வாடகைச் சைக்கிளில் சித்தன்னவாசல் போய்ச் சித்திரங்களைப் பார்த்துத் திரும்பும் வழியிலேயே, அடுத்து எங்கே போகலாம் என்று கூட வந்தவர்களைத் தொந்தரவு செய்தவன். அப்பா காலமாகி நாளாயிற்று. அக்காவை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தது. நான் ஒரே மகன். மலாயாத் தோட்டத்தில் கிராணி வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்ட ஒரு வாரத்தில் பெட்டியைக் கட்டிவிட்டேன். புதுக்கோட்டை ரயிலடியில் ஆத்தா என் கையில் எதையோ திணித்தாள். மஞ்சள் துணியில் முடிந்த ஓர் அம்மன் காசு. எங்கள் சமஸ்தானத்து எல்லையைத் தாண்டினால் யாரும் வாங்காத சின்னஞ்சிறு செப்புக் காசு.

"இது அங்க செல்லாது ஆத்தா."

"செலவழிக்கவா குடுக்குறேன்? வச்சுக்கடா." ரயிலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "எனக்கு ஒண்ணுன்னா கொள்ளி வைக்க வந்துருவியா?"

"இந்தக் காலத்துல தூரம்னு ஒண்ணு ஏது ஆத்தா? தந்தி அடிச்சா அன்னைக்கே கைக்கு வந்துரும். ஆகாயக் கப்பல் விட்டுட்டான். பறந்து வந்துருவேன்."

"பறந்து வருவானாம்ல! கட்டுச்சோத்தை ரயில்லயே விட்டுட்டு எறங்குற பய" என்று அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்தபடியே மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

இங்கே எனக்குப் பேர் கூப்பிடுகிற வேலையோடு கடுதாசி படித்துக்காட்டுகிற வேலையும் வந்து சேர்ந்தது. பால் மரம் வெட்டுகிற சனங்களில் முக்கால்வாசிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. தபால் பை வந்தால் மத்தியானம் வேலை முடிந்ததும் ஆபீஸ் வாசலில் கூடிவிடுவார்கள். நான் ஒவ்வொன்றாகப் பிரித்து, பள்ளிக்கூடத்துப் பழக்கம், முதலில் தேதி, அப்புறம் ஊர், அப்புறம் விஷயம் என்று கணீரென்று படிப்பேன். கொஞ்ச நாளில் எனக்கு ஒரு சாமர்த்தியம் வந்துவிட்டது. காகிதத்தைப் பிரித்ததும் தலைப்பைப் பார்ப்பேன். பிள்ளையார் சுழி இருந்தால் கல்யாணமோ, பிள்ளைப்பேறோ, மழையோ, சண்டையோ, எதுவானாலும் உயிருள்ள சமாசாரம். சுழி இல்லையென்றால் சாவு. படிப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். அப்படிப்பட்ட காகிதத்தை யாரும் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. கேட்டவுடன் கிழித்துப் போட்டுவிட்டுத் தலைமுழுகப் போவார்கள்.

எங்கள் தோட்டத்துத் துரை ஸ்காட்லாந்துக்காரர். நல்ல மனிதர்தான். தோட்டத்து வெள்ளைக்காரர்கள் தமிழ் கற்றுக்கொண்டாக வேண்டும் என்பதால் அவரும் கற்றிருந்தார். நான் அவரிடம் இங்கிலீஷில் பேசுவேன். அவர் எனக்குத் தமிழில் பதில் சொல்வார். இரண்டு பேருமே பரீட்சைக்குப் படித்த பாஷையைக் காட்டிக்கொள்வதில் குறியாக இருந்தோம். ஆனால் அவர் கற்ற தமிழில் வா, போ, வெட்டு, தூக்கு, சும்மா நிக்காதே என்று வேலை ஏவுகிற சொற்கள்தான் இருந்தன. தை மாதத்தில் ஒரு நாள் அவருக்குச் சீமையிலிருந்து தந்தி வந்தது. அவருடைய தாயார் இறந்துபோனார். அன்று காலையில் அங்கே உயிர் போக, இரவுக்குள் இங்கே காகிதம் வந்துவிட்டது. மறுநாள் பெரட்டுக்குத் துரை வழக்கம்போல் வந்தார். சட்டையின் இடது கையில் ஒரு கறுப்புத் துணிப் பட்டை மட்டும் புதிதாக இருந்தது. "தொரைக்குக் கையில காயமா?" என்று சனங்கள் என்னைக் கேட்டார்கள். நான் அதற்கு ஒரு பிரசங்கமே செய்தேன். பாருங்கள், இதுதான் நாகரிகம். பெற்ற தாய் போயும் ஒரு நாள்கூட வேலையை நிறுத்தவில்லை. துக்கத்தை ஒரு முழத் துணியில் அடக்கிக்கொண்டு வந்து நிற்கிறார் என்றேன். சொல்லும்போது எனக்கே புல்லரித்தது.

இரண்டு மாதம் கழித்து அழகாயிக்குக் கடுதாசி வந்தது. அழகாயி மணமேல்குடிப் பக்கத்துக்காரி. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். வாய்த் துடுக்கு அதிகம். பெரட்டில் அவள் பேரைக் கூப்பிட்டால், "இருக்கேன், இங்கிட்டுத்தான் இருக்கேன், கடலைத் தாண்டி எங்க போகப்போறேன்?" என்று நாலு பேரைச் சிரிக்க வைப்பாள். நான் காகிதத்தைப் பிரித்தேன். சுழி இல்லை. தேதியைப் படித்தேன், ஊரைப் படித்தேன், அவளுடைய அப்பா காலமான செய்தியைப் படித்தேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மறுநாள் இருட்டில் பெரட்டுத் திடலுக்கு ஈரத் தலையோடு வந்து என் முன்னால் நின்றாள்.

"கிராணியாரே, இன்னைக்கு ஒரு நாளு விட்டுருங்க. சனம் வந்து அழுகணும். பதினாறாம் நாளு கருமாதிக்கு ஒரு நாளு விட்டுருங்க. வேற ஒண்ணும் கேக்கலை."

"அழகாயி, தேதியப் படிச்சேன்ல? ஒங்கப்பா செத்து இருபத்தெட்டு நாளாச்சு. பதினாறு எப்பவோ போயிருச்சு. கருமாதிச் சோறு தின்னவங்களுக்கே செரிச்சுப் போயிருக்கும்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அது என் சாமர்த்தியத்துக்குக் கிடைத்த சிரிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

"எனக்கு நேத்துத்தானுங்க செத்தாரு" என்றாள் அழகாயி.

"ஒனக்குன்னு தனியா ஒருக்கச் சாவாராக்கும்? அந்தா தொரையப் பாரு. பெத்த தாய் போயும் மறுநாளே வேலைக்கு வந்தாரா இல்லையா?"

அவள் துரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். பிறகு ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குத் திரும்பிப் போய்விட்டாள். நான் அவள் பேருக்கு நேரே ஒரு பூச்சியம் போட்டேன். அதிலிருந்து விரலை மடக்கி எண்ணிப் பதினாறாம் நாளும் அவள் வரவில்லை. இன்னொரு பூச்சியம். தோட்டத்துச் சனங்களின் வழக்கமே இது என்று அப்புறம்தான் தெரிந்தது. ஊரில் என்றைக்கு உயிர் போனாலும் சரி, இங்கே கடுதாசி வந்த நாள்தான் சாவு நாள். அன்றைக்குத் தலைமுழுகி, அன்றையிலிருந்து எண்ணிக் கருமாதி செய்வார்கள். பஞ்சாங்கம் தெரியாத சனங்கள் என்று புதுக்கோட்டையில் இருக்கும் ஒரு சிநேகிதனுக்கு இதைத் தமாஷாக எழுதினேன்.

அதற்கு அடுத்த மாதம் ஒரு மத்தியானம் தபால் பையைப் பிரித்தபோது எனக்கே ஒன்று இருந்தது. அக்காவின் கையெழுத்து. மற்றவர்கள் கடுதாசியை எல்லாம் படித்து முடித்துவிட்டு, சாவகாசமாகப் படிக்கலாம் என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். எல்லாரும் போன பிறகு பிரித்தேன். தலைப்பில் சுழி இல்லை. எழுதுகிற அவசரத்தில் அக்கா மறந்திருப்பாள் என்று கொஞ்ச நேரம் அந்த வெற்று இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனால் அக்கா மறக்கிறவள் அல்ல.

ஆத்தாவுக்கு நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை விடியும்போது போய்விட்டாள். பெரியப்பா மகன் கொள்ளி வைத்தார். எழுத மனம் வராமல் அக்கா எட்டு நாள் கழித்து எழுதியிருந்தாள். "தந்தி அடிக்கலாமுன்னு மச்சான் பொறப்பட்டாக. ஆத்தாதான் வேண்டாமுன்னுட்டா. அவன் வந்து சேர ஆகாது, வேலையும் கெட்டுப்போகும், பதறிப்போவான், மெதுவா தெரியட்டும்னா." மெதுவாகத் தெரிந்தது. நான் மேசையில் இருந்த காலண்டரைப் பார்த்து எண்ணினேன். இருபத்து நான்கு நாள். அந்த இருபத்து நான்கு நாளில் பக்கத்துத் தோட்டத்தோடு பந்து விளையாடி ஜெயித்தோம். டவுனில் ஒரு சினிமாப் பார்த்தேன். ஆட்டுக்கறி தின்றேன். ஒவ்வொரு நாள் விடியலிலும் செக்ரோலை விரித்துவைத்துக்கொண்டு, ஆத்தா இன்னும் எழுந்திருக்க மாட்டாள் என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலே, பதிலே வரவில்லை என்று கோபித்து அவளுக்கு ஒரு கடுதாசி போட்டிருந்தேன்: இரண்டு கப்பல் வந்து போய்விட்டது, ஒரு வரி இல்லை, என்னை மறந்துவிட்டாயா?

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பால் வெட்டுகிற உளிக்குச் சாணைக்கல் வாங்க வந்த அழகாயி வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறாள், நான் திரும்பவில்லை. உள்ளே வந்து என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் மேல் ஓரத்தில் இருக்க வேண்டியது இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

"யாருங்க?"

"ஆத்தா."

அவள் தேதி கேட்கவில்லை. சாணைக்கல்லையும் கேட்கவில்லை. விறுவிறுவென்று போய்விட்டாள்.

எங்கள் ஊரில் துக்கத்துக்கு லீவு கேட்டு நான் பார்த்ததில்லை. யாரிடம் கேட்பது? ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்தத் தெருவில் பிணம் எடுக்கும்வரை அடுப்புப் புகையாது. பங்காளிகள் ஏர் பூட்டுவதில்லை. கமலை இறைத்துக்கொண்டிருந்தவன் மாட்டை அவிழ்த்துவிட்டு அப்படியே வருவான். வேலை தானாக நிற்கும். அப்பா இறந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். பதினேழு நாள் கழித்து மொட்டைத் தலையோடு வகுப்புக்குப் போனேன். வாத்தியார் லீவ் லெட்டர் கேட்டார், தகப்பனார் கையெழுத்தோடு. எனக்குத் தெரிந்த லீவ் லெட்டர் ஒன்றே ஒன்றுதான். காய்ச்சலால் அவதிப்படுவதால் என்று இங்கிலீஷில் தொடங்குவது. நாங்கள் எல்லாரும் உருப்போட்டு வைத்திருந்தது. அன்று சாயங்காலம் அதையே எழுதி, கைநாட்டு வைக்க ஆத்தாவிடம் நீட்டினேன்.

"என்னடா எழுதியிருக்கு?"

"காய்ச்சல்னு."

ஆத்தா பெருவிரலை மையிலிருந்து எடுத்துவிட்டாள். "ஒங்கப்பா செத்ததுக்கு ஒனக்குக் காய்ச்சல்னா எழுதுவ? அந்த மனுசன் என்ன, காய்ச்சலா? கிழிச்சுப்போட்டுட்டு வேற எழுது."

வேறு எழுதினேன். என் தகப்பனார் இறந்துவிட்டார் என்று மூன்றே சொல். அதற்குக் கீழே அவள் விரலை அழுத்தினாள்.

அழகாயி போன கொஞ்ச நேரத்தில் லயத்துப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூந்தலை அவிழ்த்துவிட்டுக்கொண்டு என் குடியிருப்பை நோக்கி வந்தார்கள். ஊரில் இருப்பவர்களுக்கு இது சாதாரணமாகத் தோன்றும். இங்கே அப்படியில்லை. கிராணிமார் வீடு தனி, லயம் தனி. லயத்துச் சனங்கள் கிராணி வீட்டுப் படியை மிதிக்கிற வழக்கமே கிடையாது. வந்தவர்கள் வாசலில் வட்டமாக உட்கார்ந்தார்கள். உட்கார்ந்துவிட்டு அழாமல் என்னையே பார்த்தார்கள்.

"ஒங்க ஆத்தா பேரு என்னங்க?" என்றாள் அழகாயி. "பேரு தெரியாம எப்படி அழுகுறது?"

"வெள்ளையம்மா."

"செவப்பா, கறுப்பா?"

"கறுப்பு. நல்ல ஒசரம்."

"காது வளத்திருந்தாகளா?"

"ஆமா."

"கோவம் வந்தா என்ன சொல்லுவாக?"

"ஒண்ணும் சொல்ல மாட்டா. பானை சட்டிய உருட்டுவா."

"எங்க மாமியாளும் அப்படித்தான்" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி அவளைத் தொடையில் தட்டி அடக்கினாள். அவர்கள் கேட்கக் கேட்க நான் சொன்னேன். கண்மாய்க்குத் தண்ணீருக்குப் போனால் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே திரும்புவாள் என்று சொன்னேன். கட்டுச்சோற்றை நான் ரயிலிலேயே விட்டுவிட்டு இறங்கியதைச் சொன்னேன். போதுமான அளவு கிடைத்துவிட்டது என்பதுபோல் அழகாயி தலையை அசைத்தாள். பக்கத்தில் இருந்தவள் தோளில் கைபோட்டு, அவள்தான் ஆரம்பித்தாள்.

"வல்லத்திராக் கோட்டையிலே வாசப்படி காத்திருந்தே,
கடல்தாண்டிப் போனமகன் காயிதத்தைப் பாத்திருந்தே,
கறுத்த மலைபோல எங்க வெள்ளையம்மா சாஞ்சியளோ..."

அதுவரை என் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. இருபத்தெட்டு நாளுக்கு முன் செத்தவனுக்கு இப்போது எதற்கு அழுகை என்று கேட்டவன் அல்லவா நான்? என் தாயைக் கண்ணால் பார்த்திராத பெண்கள் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டபோதுதான், அக்காவின் காகிதத்தில் எங்கேயோ தூரத்தில் இறந்துகிடந்த ஆத்தா இங்கே, என் வாசலில், அப்போதுதான் இறந்தாள். நான் மண்ணில் விழுந்து அழுதேன். பொழுது சாய்வதற்குள் லயத்து நாவிதர் வந்து தலையையும் மீசையையும் மழித்தார். ஆற்றில் முழுகி எழுந்தேன்.

மறுநாள் பெரட்டுக்குப் போனேன். பேர் கூப்பிட வேறு ஆள் இல்லை. துரையிடம் லீவு கேட்கவும் நேரம் இல்லை. மோட்டார் சைக்கிளில் வந்த துரை விளக்கு வெளிச்சத்தில் என் தலையைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"என்னா கிராணி, தலே என்னா ஆச்சு? படே? நீ ஆஸ்பத்திரி போ. சும்மா நிக்காதே. எல்லா கூலிக்கும் வந்திடும்!"

தலையில் தொத்துகிற படை என்று நினைத்துவிட்டார்; நான் வாயைத் திறப்பதற்குள் வண்டி போய்விட்டது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் தமிழர், விவரம் தெரிந்தவர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டார். நடந்ததைச் சொன்னதும் அவருக்கு ஒரு யோசனை வந்தது.

"தம்பி, துக்கம்னு எழுதினா லீவு கெடைக்காதுங்க. சட்டத்துல செத்த தேதியிலேர்ந்து மூணு நாள்னுதான் இருக்கு. தொரையே படைன்னுட்டாரு, நானும் படைன்னே எழுதிடறேன். இப்ப ரெண்டு நாள் எடுத்துக்குங்க. பதினாறாம் நாள் திரும்ப வாங்க, படை திரும்ப வந்துருச்சுன்னு இன்னொரு ரெண்டு நாள் எழுதிடறேன். அது வர்ற வியாதிதானே!"

நல்ல மனசோடுதான் எழுதிக் கொடுத்தார். சீட்டை வாங்கிக்கொண்டு ஆபீசுக்கு நடந்தேன். அதைத் துரை மேசையில் வைத்தால் போதும். கேள்வி இல்லை, கருமாதி நாள் என் கையில். வைக்காவிட்டால் அந்த நாளும் கிடைக்காது. கொள்ளிதான் வைக்கவில்லை, கருமாதியும் இல்லை என்று ஆகிவிடும். வாசல் வரைக்கும் வைத்துவிடுவது என்றுதான் இருந்தேன். வாசலில் சீட்டை ஒரு தடவை படித்தேன். மையிலிருந்து எடுத்த அந்தப் பெருவிரல் ஞாபகம் வந்தது. சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

இங்கிலீஷில் சொன்னேன். என் தாயார் இறந்துவிட்டார், இது வியாதியில்லை, கருமாதிக்கு ஒரு நாள் லீவு வேண்டும் என்றேன். துரை வருத்தம் தெரிவித்தார். என்றைக்கு என்று கேட்டார். சொன்னேன். சட்டப் புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைத் திருப்பி, விரலை வைத்துக் காட்டினார். செத்த தேதியிலிருந்து மூன்று நாள். அது முடிந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. நீ இப்படிச் சலுகை கேட்டால் நாளைக்கு எல்லாரும் கேட்பார்கள் என்றார். நான் அழகாயிக்குச் சொன்ன அதே நியாயம். என் வாயிலிருந்து வந்தபோது எவ்வளவு அழகாக இருந்தது!

எனக்கு இங்கிலீஷ் அதற்கு மேல் வரவில்லை. முதல் முறையாக அவரிடம் தமிழில் பேசினேன்.

"தொரை, ஒங்க ஆத்தா செத்த அன்னைக்கே ஒங்களுக்குத் தெரிஞ்சது. தந்தி வந்தது. எனக்குக் கப்பல்ல வந்தது. எங்க ஆத்தா எனக்கு நேத்துத்தான் செத்தா." அவருடைய சட்டைக் கையிலிருந்த கறுப்புப் பட்டையைக் காட்டினேன். "அது ஒங்க துணி." என் தலையைத் தொட்டேன். "இது எங்க துணி."

துரை தம் கையைக் குனிந்து பார்த்தார். மூன்று மாதத்தில் அந்தத் துணி வெளுத்து ஓரம் நைந்திருந்தது. அப்புறம் என் தலையைப் பார்த்தார். எவ்வளவு நாள் இப்படி வைத்திருப்பாய் என்று இங்கிலீஷில் கேட்டார்.

"முளைக்கிற வரைக்கும்."

லீவுப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். அதில் இறந்த தேதி என்று ஒரு பத்தி. பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினேன். கடுதாசி வந்த தேதியை எழுதினேன். அவர் பார்த்தார். பக்கத்தில் கையெழுத்தைப் போட்டார்.

போயிருக்கலாம். போக முடியவில்லை. அழகாயி என்கிற பெண்ணுக்கு நான் போட்ட இரண்டு பூச்சியத்தைத் திருத்த வேண்டும் என்றேன். முடிந்துபோன மாதத்துப் புத்தகம் பெரிய ஆபீசுக்குப் போய்விட்டது என்றார். இனிமேல் இப்படி யாருக்காவது கடுதாசி வந்தால் என்று ஆரம்பித்தேன். துரை தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். படியிறங்கும்போது அவருடைய தமிழில், "நீ கிராணி. பேர் நீ கூப்பிடு. கோடு நீ போடு. என்னே கேக்காதே" என்றார். கோபமா, சம்மதமா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பதினாறாம் நாள் ஆற்றங்கரையில் கருமாதி. மத்தியானம் வேலை முடிந்து சனங்கள் வந்து சேர்ந்தார்கள். ஆத்தாவின் படம் என்னிடம் இல்லை. அவள் உடுத்திய துணி இல்லை. அவள் கை பட்ட பொருள் அந்த அம்மன் காசு ஒன்றுதான். அழகாயி அதை மஞ்சள் துணியோடு வாழை இலையில் வைத்து, அதற்கு முன்னால் சோறு படைத்தாள். எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு அவளிடம் போனேன்.

"அக்கா, அந்த ரெண்டு பூச்சியத்தையும் அழிக்கக் கேட்டேன். முடியாதுன்னுட்டாரு."

"அது கெடந்துட்டுப் போகுது. நீங்க பூச்சியம் போட்டதுக்காக எங்கப்பா எந்திரிச்சா வரப்போறாரு?" இலையை மடித்துக்கொண்டே சொன்னாள். சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். "தம்பி, ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. இனிமே அந்த மாதிரி கடுதாசி வந்தா, தேதிய மட்டும் வாசிக்காதீங்க."

"ஏன்?"

"தேதிய வாசிச்சா அன்னைக்கு நாம என்ன செஞ்சுக்கிட்டிருந்தோமுன்னு எண்ணத் தோணுதுல்ல? எங்கப்பா செத்த அன்னைக்கு நான் இங்கிட்டு ஒரு கல்யாணத்துல கும்மி அடிச்சுக்கிட்டிருந்தேன். நீங்க தேதிய வாசிக்கலைன்னா எனக்கு அது தெரிஞ்சிருக்கப் போறதில்லை."

அன்றிலிருந்து நான் ஊரிலிருந்து தொடங்கிப் படிக்கிறேன். மறுநாள் பெரட்டில் அந்தப் பேரைக் கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் பூச்சியம் போடுவதில்லை. லீவு என்று எழுதுகிறேன். துரை இதுவரைக்கும் கேட்கவில்லை. அவர் கையில் இப்போது பட்டை இல்லை. எனக்கும் முடி வளர்ந்துவிட்டது.

அக்காவின் அடுத்த கடுதாசி பிள்ளையார் சுழியோடு வந்தது. "நீ ஆத்தாளைக் கோவிச்சுக்கிட்டு எழுதுனது கருமாதிக்கு மறுநாளு வந்து சேந்துச்சு. ஆத்தா பேருக்கு வந்ததை என்ன செய்யிறதுன்னு தெரியலை. அவ படுத்திருந்த எடத்துல வெளக்கு எரிஞ்சுச்சு. அது முன்னாடி ஒக்காந்து சத்தமா வாசிச்சேன். மறந்துட்டியான்னு நீ கேட்டிருந்த எடம் வந்ததும் எனக்குக் கொரலு போயிருச்சு. மச்சான்தான் மிச்சத்தை வாசிச்சாக." அக்காவின் முதல் கடுதாசி வந்த அன்று காலண்டரைப் பார்த்தபோதே, அதை எழுதிய நாளையும் நான் எண்ணிப் பார்த்துவிட்டேன்: ஆத்தா போன அதே வெள்ளிக்கிழமை. எண்ணியிருக்கக் கூடாது. அழகாயி சொன்னது அப்போது எனக்குத் தெரியாதே.

போன வாரம் ஊரில் ஆத்தாவுக்கு வருஷத் திதி. பெரியப்பா மகன் எள்ளும் தண்ணீரும் இறைத்திருப்பார். அக்கா நாலு பேருக்குச் சோறு போட்டிருப்பாள். எனக்கு நாள் தெரியும். ஆனால் அன்றைக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. விளக்கை எடுத்துக்கொண்டு பெரட்டுக்குப் போனேன், பேர் கூப்பிட்டேன். இங்கே என் திதி கடுதாசி வந்த நாளில்தான். அதற்கு லயத்தில் அழகாயி இப்போதே சொல்லிவைத்துவிட்டாள். அதுவரைக்கும் இடையில் இருபத்து நான்கு நாள். அதில் ஏழு போய்விட்டது. இன்று விடியலிலும் பெரட்டில் நின்றபோது பழைய கணக்கு தானாக ஓடிற்று. வல்லத்திராக்கோட்டையில் இன்னும் இருட்டு, கோழி கூவியிராது. அங்கே ஆத்தா போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. இங்கே அவளுக்கு இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. எழுந்திருக்க மாட்டாள், தூங்கட்டும் என்று நினைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி அடுத்த பேரைக் கூப்பிட்டேன்.